தவளைக்குச் சாட்சி சொன்னவர்

எங்கள் தோட்டத்தில் அப்புடியில்ல மாமாவின் முன்னால் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்த மனிதர் இன்றுவரை கிடையாது. தோட்டத்தை நடத்துகிற தொரை முயன்றிருக்கிறார். கோயில் பூசாரி முயன்றிருக்கிறார். தேர்தல் நேரத்தில் வந்த ஒரு பெரிய மனிதர் முயன்று பார்த்து, பாதியிலேயே மைக்கைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எவர் வாயைத் திறந்தாலும் அதில் ஒரு பிழை வரும், அதைத் திருத்தத்தான் கேகாலைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தன்னைப் படைத்திருக்கிறார்கள் என்று அவர் நம்பினார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பதிவேடான செக்ரோலில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் அப்புடியில்ல மாமா. கீழே கொலனியில் இருக்கும் சிங்களச் சனங்களுக்கு ‘எஹெம நெமே மாமா’. பொருள் ஒன்றுதான். இரண்டு மொழியிலும் ஒரே அக்கறையோடு திருத்துவார்.

கங்காணி ஒருவர் இறந்தபோது இரங்கல் உரை ஆற்றும் பொறுப்பு தோட்டப் பாடசாலை ஆசிரியன் என்ற முறையில் என் தலையில் விழுந்தது. “அன்னார் தமது வாழ்நாளில் ஒரு சொட்டு மது அருந்தியதில்லை” என்று ஆரம்பித்தேன்.

“அப்புடி இல்ல மாஸ்டர். போன தீவாளிக்குக் குடிச்சிட்டுச் சாக்கடக் கான்ல கெடந்தவர நானும் செல்லையாவுந்தான் தூக்கியாந்து போட்டோம்.”

தலைமாட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கங்காணியின் மனைவி ஒரு கணம் நிறுத்தினார். “பொங்கலுக்குந்தான்” என்று சேர்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

எனக்குப் பெண் பார்க்கப் போனபோதும் ஊர்ப் பெரியவர் என்று அவரை அழைத்துப் போனார்கள். யார் அந்த யோசனையைச் சொன்னது என்று இன்றுவரை தெரியவில்லை. என் அம்மா, “எங்க பையன் தங்கமான பையங்க” என்றார். மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்புடி இல்லீங்க. காலையில தேத்தண்ணி குடிக்கிற வரைக்கும் கிட்டப் போவ முடியாது. அதுக்குப் பொறகுதான் தங்கம்.” மாப்பிள்ளை வீட்டார் தரப்பிலிருந்து தனக்குக் கிடைத்த ஒரே பயனுள்ள தகவல் அதுதான் என்று என் மனைவி இப்போதும் சொல்கிறாள்.

அவருக்கு ஆகாத பிறவி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தவளை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவருடைய காம்பராவுக்குப் பின்னால் ஒரு சீமெந்துத் தொட்டி உண்டு. மழை விழுந்தால் அதில் தவளைகள் கூடிக் கத்தும். நீங்கள் சொல்வது தவறு என்று தவளையிடம் எப்படிச் சொல்வது? எனவே மாமா ஒவ்வொன்றாகப் பிடித்து, ரப்பர்ப் பால் வெட்டும் வாளியில் போட்டு மூடி, வேலைக்குப் போகிற வழியில் மேலேயுள்ள ஓடைக்காட்டில் கொட்டிவிட்டுப் போவார். மழைக்கு மழை இது நடந்தது. இருபது வருடமாக நடந்தது.

அந்த ஓடைக்காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மூன்று லயத்துக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. ஊற்றிலிருந்து பீலி வைத்து இறக்கியிருக்கிறோம். குளிப்பது, குடிப்பது, சமைப்பது எல்லாம் அந்தப் பீலித் தண்ணீரில்தான். போன வருடம் தோட்ட நிர்வாகத்துக்கு அந்தக் காட்டின் மேல் கண் விழுந்தது. வெட்டிவிட்டுப் புதுக்கன்று நடப்போம் என்றார்கள். காட்டை வெட்டினால் ஊற்று வற்றிப்போகும் என்று கையெழுத்து வைத்து மனுக் கொடுத்தோம். மனுவைப் பற்றி அதன் பிறகு யாரும் எதுவும் பேசவில்லை.

இது இப்படியிருக்க, இந்தத் தீவில் இப்போது கண்டுபிடிப்புக் காலம் நடந்துகொண்டிருக்கிறது. பேப்பரைத் திறந்தால் புது ஓணான், புது நத்தை, புதுப் பல்லி. மனிதர் இத்தனை காலம் குடியிருந்த நாட்டில் பக்கத்து மரத்தில் இருந்ததை எல்லாம் இப்போதுதான் பார்க்கிறார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு குழு வந்து எங்கள் காமன் கூத்தைக் கூடக் கண்டுபிடித்துவிட்டுப் போனது. நாங்கள் மாசிக்கு மாசி ஆடுகிற கூத்துதான். அது தொலைந்து போயிருந்தது என்று எங்களுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த வரிசையில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். சிங்களப் பிள்ளை, முழங்கால் வரை அட்டைக்கடி, முகத்தில் மட்டும் ஓயாத சிரிப்பு. மூன்று மாதம் எங்கள் ஓடைக்காட்டில் குனிந்தபடியே திரிந்தவர், ஒரு நாள் என்னிடம் ஓடி வந்தார். புதுத் தவளை! வேறெங்கும் இல்லை, இந்த ஓடைக்காட்டில் மட்டும்தான் இருக்கிறது! கொழும்பிலிருந்து அதிகாரி ஒருவர் பார்க்க வருவார், அவருக்குத் திருப்தி என்றால் இந்தக் காட்டில் ஒருவரும் கத்தி வைக்க முடியாது என்றார். செய்தி கேட்டு மூன்று லயமும் வெடி கொளுத்தியது.

மாமா மட்டும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

“அப்புடி இல்ல மாஸ்டர். அது ஏந் தொட்டித் தவள. நாந்தான வாளியில கொண்டாந்து கொட்டுனேன்.”

அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். “மாமா, இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இன்னும் இல்ல. அந்தக் கொழும்புப் பெரிய மாத்தயா வருவாருல்ல, அவருகிட்டச் சொல்றேன்.”

அன்று மாலை லயமே அவர் வீட்டில் திரண்டது. தண்ணீர் போனால் கீழே ஆற்றில் இறங்கிக் குடம் தூக்க வேண்டும், போய்வர ஒன்றரை மைல் என்றோம். கெஞ்சினோம், மிரட்டினோம். கோழி அடித்துப் போடுகிறேன் என்றார் செல்லையா. “தண்ணிக்காவப் பொய் சொல்லச் சொல்றீங்களா?” என்று மாமா கேட்டார். அவருடைய மனைவி பூமணி அத்தை மூலையிலிருந்து பேசினார்.

“யாரும் அவரக் கெஞ்ச வேணாம். சொல்றதச் சொல்லட்டும். ஏங் காலு வீக்கம் அவருக்குத் தெரியும். ஆத்துக்கு எறங்கி ஏறுறது நாந்தான்.”

மாமா அதைத் திருத்தவில்லை. திருத்த அதில் ஒன்றும் இருக்கவில்லை.

அதிகாரி வந்த காலையில் மாமாவின் வாயில் ஒரு பெரிய வெற்றிலைச் சுருளைத் திணித்து அனுப்பியிருந்தார் அத்தை. காட்டோரத்தில் அதிகாரி, மிஸ், பெரிய தொரை, பின்னால் நாங்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரிய தொரை லேசுப்பட்டவரா? மாமாவின் குணம் அவருக்குத் தெரியாததா? அதிகாரியிடம் திரும்பி, “இவர் நாற்பது வருடமாக இங்கே பால் வெட்டுகிறார். பொய்யே சொல்லமாட்டார். இவரைக் கேளுங்கள்” என்றார்.

அதிகாரி சிங்களத்தில் கேட்டார். இந்தத் தவளை ஆதியிலிருந்தே இந்தக் காட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அப்படித்தானா?

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பூமணி அத்தை தலைத்துண்டைக் கடித்துக்கொண்டு நின்றார். துப்ப வேண்டிய வெற்றிலைச் சாறு முழுவதையும் மாமா விழுங்கிவிட்டார்.

“எஹெம தமய் சேர்” என்றார். அப்படித்தான் ஐயா.

காடு பிழைத்தது. மாமா படுத்துவிட்டார்.

ஒரு வாரம் காய்ச்சல். வெற்றிலைச் சாறு என்றார் தோட்டத்து மருந்துக்காரர். காய்ச்சல் விட்ட பிறகு நடந்ததுதான் எங்களைக் கலங்கடித்தது. மனிதர் யாரையும் திருத்தவில்லை! செல்லையா சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு புதன்கிழமையில், “இன்னைக்கி வெள்ளிக்கெழமதான மாமா?” என்று கேட்டார். மாமா தலையாட்டினார். வரக்காப்பொலைக்குப் போகும் பஸ்ஸில் ஒருவன் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ரப்பர் மரம் சிலோனிலிருந்துதான் உலகத்துக்குப் போனது என்று அடித்து விட்டிருக்கிறான். மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

“நான் யாருக்கு இனி சரி பெழ சொல்றது மாஸ்டர்?” என்று என்னிடம் ஒரு நாள் கேட்டார். கேட்கத் தாங்கவில்லை. எங்களுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவர் கையிலிருந்த ஒரே சொத்தை நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

காட்டில் கத்தி வைக்கக் கூடாது என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகையை நடுவதற்காக மிஸ் திரும்பி வந்தபோது மாமா நேரே போய் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வாளி, தொட்டி, இருபது வருடம், அதிகாரியிடம் சொன்ன பொய். நான் நடுவில் விழுந்து தடுக்கப் பார்த்து முடியாமல் நின்றேன். சிங்களத்தில் நடந்த அந்தப் பேச்சின் மிச்சத்தை நம் பாஷையில் தருகிறேன்.

“ஒங்க தொட்டித் தவள ஒண்ண புடிச்சிட்டு வாங்க மாமா” என்றார் மிஸ்.

கொண்டு வந்தார். மிஸ் ஓடைக்காட்டிலிருந்து ஒன்றைப் பிடித்து அதன் பக்கத்தில் வைத்தார். தொட்டியுடையது உள்ளங்கை அளவு, வழவழவென்று இருந்தது. காட்டுடையது கட்டைவிரல் நகத்தளவு, விரல் நுனியெல்லாம் சின்னச் சின்ன வட்டம். பிறகு ஈரச் சருகை விலக்கி, மண்ணில் கிடந்த முட்டைகளைக் காட்டினார். “இது தண்ணியில முட்டையிடாது. தலப்பெரட்டையும் கெடையாது. முட்டைக்குள்ளயிருந்து நேரா தவளையாவே வெளிய வரும்.”

“அப்புடி இல்ல மிஸ், வாலில்லாம எந்தத் தவள…”

பதினேழு நாளுக்குப் பிறகு அந்த வார்த்தை! மிஸ் பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். முட்டைக்குள்ளே நாலு கால் மடக்கிக்கொண்டு ஒரு முழுத் தவளை இருந்தது. மாமா வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப நாங் கொண்டாந்து விட்டதெல்லாம்?”

“அன்னைக்கே தொட்டிக்குத் திரும்பிப் போயிருக்கும் மாமா. நீங்க வேல முடிஞ்சி வர்றதுக்கு முன்னாடியே.”

ஆக இருபது வருடமாக அவர் அதே தவளைகளைத்தான் தூக்கித் தூக்கிச் சுமந்திருக்கிறார். பலகை நடக் கூடியிருந்த நாங்கள் சிரித்த சிரிப்பில் அது கோணலாக நடப்பட்டுவிட்டது. மாமாவும் சிரித்தார். அடுத்த நாள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் தொரையை மூன்று இடத்தில் திருத்தினார். செல்லையா அவர் வீட்டுக்கு ஒரு கோழியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இப்போதெல்லாம் மாமா போகிற இடமெல்லாம், “நான் ஏஞ் சென்மத்துல ஒரு பொய் சொன்னதில்ல, அந்த மிஸ்ஸக் கேட்டுப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். விஞ்ஞானமும் அவர் பக்கம்தான் நிற்கிறது. நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் பூமணி அத்தை பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்பதைப் பார்க்கிற நேரமெல்லாம் எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது. மாமா சொன்னது உண்மையாகிப் போனது பிற்பாடு நடந்த கதை. சொன்ன நிமிஷத்தில், அது பொய் என்று முழுசாக நம்பிக்கொண்டுதான் அந்த மனிதர் எங்களுக்காக வாயைத் திறந்தார்.