கண்ணாடி அலமாரியும் பஞ்சர் கடையும்

எதிரே பஞ்சர் கடையிலிருந்து மறுபடியும் சிரிப்புச் சத்தம். தையல்கார அக்கா மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். குடிசைப் பிள்ளைகள் மொத்தமும் பழைய டயர்கள்மேல் உட்கார்ந்திருந்தன. பஞ்சர் மாமா டியூப் ஒட்டிக்கொண்டே கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? இந்தப் பிள்ளைகளுக்கென்றே நூலகத்து அம்மா கொடுத்த புத்தக அலமாரி அவள் கடையில்தான் இருக்கிறது. தொட ஆளில்லை. அந்த அம்மாவும் நேற்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்: "சனிக்கிழமை வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா அலமாரியை எதிர்க்கடைக்கு மாத்திடலாம்."

"அந்த கிரீஸ் கைக்கா? அதையும் பார்த்துடறேன்" என்று அக்கா முணுமுணுத்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டா?" என்று மகள் வந்து நின்றாள்.

"வேலை நேரத்துல தொணதொணக்காதே, போ."

முதலில் அக்கா எல்லாப் புத்தகத்துக்கும் பூப்போட்ட துணியில் உறை தைத்தாள். லட்சணமாகத்தான் இருந்தது. உள்ளே இருப்பது பேய்க்கதையா கணக்குப் பாடமா என்று அவளுக்கே தெரியவில்லை. உறை அழுக்காகிவிடுமே என்று வாசலில் கை கழுவ வாளி வைத்தாள். பிள்ளைகள் அதில் கால் கழுவிக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடின.

கடைசியில் நாலு பேரைப் பிடித்து உட்கார வைத்துத் தானே படித்துக் காட்டினாள்.

"ராஜா கிணத்துல விழுந்துட்டாராம்..."

"தெரியும்க்கா. கழுதைதான் வந்து தூக்கும்."

வேறொன்றை எடுத்தாள்.

"அதுவும் தெரியும். பஞ்சர் மாமா போன வாரமே சொல்லிட்டாரு."

எதைப் பிரித்தாலும் இதே பாட்டு. அக்காவுக்குப் பொறி தட்டியது. ஆள் திருடுகிறான்!

சனிக்கிழமை நூலகத்து அம்மா வந்ததும், உட்காரக்கூட விடாமல் கையோடு எதிர்க்கடைக்கு இழுத்துப் போனாள்.

"என் அலமாரியில இருக்கற கதை அத்தனையும் இவர் வாயில எப்படி வருது? கேளுங்க. ராத்திரி என் கடைப் பூட்டைத் திறந்து படிக்கறாரா?"

பஞ்சர் மாமா கையைத் துடைத்தபடி நெளிந்தார். "படிக்கறதா? எனக்கு எழுத்துக் கூட்டக்கூட வராதும்மா."

"பின்னே?"

டயர்மேல் உட்கார்ந்திருந்த அக்காவின் மகள் எழுந்திருக்காமலே சொன்னாள்:

"நான்தாம்மா நம்ம அலமாரியில படிச்சுட்டு வந்து மாமாகிட்ட சொல்றேன். முதல்ல உன்கிட்டதான் சொல்ல வருவேன். நீதான் தொணதொணக்காதே, போன்னு தினமும் விரட்டுவே."