அமைதியின் கடவுச்சொல்

எங்கள் வீட்டுக் கணினியை ஹாலிலிருந்து பின்னறைக்கு நாடு கடத்துவது என்று ஒரு சனிக்கிழமை தீர்மானித்தேன். கணினி ஒரு குற்றமும் செய்யவில்லை. குற்றமெல்லாம் அதன் முன்னால் கிடந்த கைப்பிடி நாற்காலியுடையது.

ஞாயிறுதோறும் மாலையில், தூர தேசத்தில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள் அந்தக் கணினியில் முகம் காட்டுவாள். கைப்பிடி நாற்காலியில் என் மனைவி உட்காருவாள். எனக்கு முக்காலி. முக்காலியில் உட்கார்ந்தால் கேமராவில் என் இடது காது மட்டும் தெரியும். கழுத்தை நீட்டினால் மூக்கும் தெரியும். ஆனால் நீட்டியவுடன், "நிழலடிக்குது, தள்ளிக்குங்க" என்று உத்தரவு வந்துவிடும். மகளோடு தங்கியிருக்கும் தோழி ஒருத்தி, "உங்கப்பாவுக்கு ஒரு காதுதானா?" என்று விசாரித்தாளாம்.

அந்த ஒரு காதுக்கும் பெரிய வேலையில்லை. என் மனைவி கேள்வி கேட்பாள். பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். "சளி பிடிச்சிருக்கா? பிடிச்சிருக்கும். தலையைத் துவட்டாம வெளிய போயிருப்பே." மகள் திரையில் தலையாட்டுவாள். எல்லாம் பேசி முடித்து, "அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசிடு" என்று திரையை என் பக்கம் லேசாகத் திருப்பும்போது மகள் பாதி எழுந்திருப்பாள்.

"சாப்பிட்டியா?" என்பேன்.

"சாப்பிட்டேன்பா."

அத்தோடு திரை கறுத்துவிடும். அதில் என் காது தெரியும்.

கைப்பேசியில் தனியாகப் பேசலாமே என்பீர்கள். என்னுடையது பழைய பட்டன் ரகம். அதில் குரல் வரும், முகம் வராது. நான் பார்க்க வேண்டியிருந்தது முகத்தை. நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். பக்கத்தில் ஒரு வரி விட்டுப்போயிருந்தால், எந்த வரி என்று தெரிவதற்கு முன்பே, ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். போன ஞாயிறு மகள் முகத்தில் அப்படி ஒரு வரி விட்டுப்போயிருந்தது. சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் அவசரமாகப் பழைய இடத்துக்குத் திரும்பிப் போனது.

'என்னம்மா, அங்கே நல்லாத்தான் இருக்கியா?' என்று கேட்க நினைத்தேன். என் மனைவி குளியலறைக் குழாய் ஒழுகும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதை முடிந்தது. என் முறை வந்தது. வாயைத் திறந்தேன்.

"சாப்பிட்டியா?" என்றது வாய்.

அந்த வாரம் முழுக்க அச்சகத்தில் ஒரு திருத்தமும் சரியாகப் போடவில்லை. குற்றம் என் வாயினுடையது அல்ல, முக்காலியினுடையது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். தனியறை, மூடிய கதவு, முழு முகம். அது கிடைத்தால் கேட்டுவிடுவேன். கிடைத்தால் மட்டும் கேட்டுவிடுவேனா என்பதை அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

கணினி ஹாலில் கட்டிப்போடப்பட்டதற்குக் காரணம் ஒரு கேபிள். இன்டர்நெட் பெட்டி ஹால் ஜன்னலோரம் இருந்தது. அதிலிருந்து கணினிக்கு வரும் கேபிள் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல். இதற்கு மாற்று உண்டு என்று அச்சகத்தில் சொன்னார்கள். நகத்தளவு அடாப்டர். யூஎஸ்பி துளையில் செருகினால் போதும், கேபிளே வேண்டாம், காற்றிலேயே நெட் வரும்.

என் மனைவியிடம் வேறு விதமாகச் சொன்னேன்.

"ஹால் ரொம்ப அடைசலா இருக்கில்ல?"

"இருக்கு."

"கம்ப்யூட்டரைப் பின் ரூமுக்குக் கொண்டு போயிட்டா, உன் தையல் மிஷினை இங்க ஜன்னல் பக்கம் போட்டுக்கலாம். நல்ல வெளிச்சம்."

"பின் ரூம்ல ஆள் நிக்கவே இடமில்லையே. பழைய பெட்டி, ஓடாத ஃபேன், உங்க பேப்பர் மூட்டை."

"எல்லாத்தையும் நானே எடுத்துப் போட்டுடறேன்."

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். அந்தப் பேப்பர் மூட்டைகளை எடுக்கச் சொல்லி அவள் கேட்காத நாளில்லை. நான் எடுத்த நாளும் இல்லை.

"நல்ல யோசனையா இருக்கே. யார் சொன்னா?"

"நானேதான்."

"அப்படியா" என்றாள். மறுபேச்சில்லை. என் மனைவி ஒரு விஷயத்துக்கு மறுபேச்சில்லாமல் சம்மதித்தால் அந்த விஷயத்தை உடனே கைவிட வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தவை எல்லாம் எனக்குச் சமயத்தில் நினைவுக்கு வருவதில்லை.

ஞாயிறு காலை பின்னறையை ஒழித்தேன். பழைய பெட்டிகள் பரணுக்கு ஏறின. பேப்பர் மூட்டைகள் தெருமுனைக் கடைக்குப் போயின. பெருக்கினேன். துடைத்தேன். என் மனைவி வாசற்படியில் நின்று, "அந்த மூலையில கொஞ்சம்" என்று மட்டும் சொன்னாள். ஜன்னலையும் துடைத்தேன். அதை ஏன் துடைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அப்புறம் கடைக்குப் போய் அடாப்டரோடு வந்து, கணினியைப் பின்னறையில் வைத்து, அதைச் செருகினேன்.

டிரைவர் இல்லை என்றது கணினி.

"என்ன சொல்லுது?" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

"டிரைவர் வேணுமாம்."

"அது எங்க கிளம்பப் போகுது?"

அடாப்டர் பெட்டியிலேயே ஒரு சின்ன சிடி இருந்தது. அதில் டிரைவர் என்கிற மென்பொருள் உண்டு. ஆனால் என் கணினியின் சிடி வாய் என்றைக்கோ ஒருநாள் மூடியதுதான், அப்புறம் திறக்கவில்லை. வீட்டில் வாய் திறக்காத இரண்டாவது ஆள் அது. சரி, டிரைவரை இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்று அட்டையில் எழுதியிருந்தது. இன்டர்நெட் வேண்டுமானால் அடாப்டர் வேலை செய்ய வேண்டும். அடாப்டர் வேலை செய்ய டிரைவர் வேண்டும். டிரைவர் வேண்டுமானால் இன்டர்நெட் வேண்டும். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையைப் பற்றி எழுதியிருந்த மாதிரி இருந்தது.

கணினியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன்.

"என்ன, அதுக்கு அந்த ரூம் பிடிக்கலையா?"

"ஒரு சின்ன வேலை. முடிச்சிட்டுத் திரும்பிப் போயிடும்."

கேபிளைச் செருகி, டிரைவரை இறக்கி, மறுபடி தூக்கிக்கொண்டு போனேன். போனால் விசைப்பலகை ஹாலில் இருந்தது. அதற்காக வந்தேன். திரும்பிப் போனால் மவுஸ் ஹாலில் இருந்தது.

"மாமியார் வீட்டுல கோவிச்சுக்கிட்டு வர்ற பொண்ணு மாதிரி இப்படிப் போறதும் வர்றதுமா இருந்தா என்ன அர்த்தம்?" என்றாள் என் மனைவி. தையல் மிஷின் அதற்குள் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்திருந்தது. நான் தூக்கவில்லை. அவளே நகர்த்தியிருக்க வேண்டும். இனி கணினி திரும்பி வந்தாலும் ஹாலில் இடமில்லை.

ஒருவழியாக அடாப்டரில் பச்சை விளக்கு மினுக்கியது. அக்கம்பக்கத்து நெட்டுகளின் பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் பலமாக இருந்தது ஒன்று. அதன் பெயர் 'அமைதி'. நெட் போட வந்தவரிடம் என் மனைவி சொல்லி வைத்த பெயர். எங்கள் வீட்டில் அமைதி என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆசையோடு அதைத் தொட்டேன்.

கடவுச்சொல் கேட்டது.

கேபிளுக்குக் கடவுச்சொல் தேவையில்லை. என் பட்டன் போனுக்கு நெட்டே தேவையில்லை. அதனால் சொந்த வீட்டின் கடவுச்சொல்லை நான் இதுவரை கேட்டதேயில்லை. மகள் பெயரைப் போட்டேன். தவறு. கல்யாண நாளைப் போட்டேன். தவறு. மனைவியின் தங்கை பெயரைப் போட்டேன். தவறு. கதவைச் சாத்திவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, என் பெயரையும் போட்டுப் பார்த்தேன். அமைதியோடு இணைய முடியவில்லை என்று வந்தது.

மகள் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவியிடம் கேட்டால், எதற்கு இத்தனை பாடு என்று அவள் கேட்பாள். அதற்குப் பயந்து எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவர் வீட்டு நெட் நின்றுபோனபோதெல்லாம் எங்களுடையதைத்தான் பயன்படுத்துவார். என் மனைவியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"எங்க வீட்டு பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். தங்கச்சிதான் குடுத்தாங்க. எங்க பாட்டியம்மாவுக்குக் கூடத் தெரியும்."

"என்னது அது?"

கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"சார் வந்து கேட்டா சொல்லாதீங்க, என்கிட்ட அனுப்புங்கன்னு தங்கச்சி நேத்தே சொல்லிட்டாங்களே."

"நேத்தா? நான் இதை வாங்கினதே இன்னைக்குத்தான்!"

"அது எனக்குத் தெரியாது சார். ஆனா ஒண்ணு. ரொம்பச் சுலபமான வார்த்தை" என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போய்விட்டார். உள்ளே போய்ச் சிரித்தார். கேட்டது.

வேறு வழியில்லை. என் மனைவி தையல் மிஷினில் ஏதோ பூப்போட்ட துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்வேர்ட் என்ன?"

"யாருக்கு வேணும்?"

"கம்ப்யூட்டர் கேக்குது."

"கம்ப்யூட்டர் கேக்குதா, நீங்க கேக்கறீங்களா?"

"ரெண்டு பேரும்."

"அதுவாவது கேட்டுச்சே" என்றாள். "எதிர்வீட்டுல போய்க் கேட்டாச்சா?"

தரையில் கிடந்த நூல்கண்டை எடுத்து மிஷின்மேல் வைத்தேன்.

"நேத்து என் டேப்பை எடுத்து எதை அளந்தீங்க?"

பின்னறைக் கதவை அளந்திருந்தேன், மேஜை நுழையுமா என்று. "எப்படித் தெரியும்?"

"நான் உள்பக்கமாச் சுத்தி வெப்பேன். நீங்க வெளிப்பக்கமாச் சுத்தி வெச்சிருக்கீங்க. எதுக்காகக் கம்ப்யூட்டர் உள்ள போகணும்? நிஜத்தைச் சொல்லுங்க."

"வெளிச்சம். உன் மிஷினுக்கு."

அவள் துணியைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. எழுந்து பின்னறைக்கு நடந்தாள். கணினி முன் குனிந்து நின்றாள்.

"அந்தப் பக்கம் திரும்புங்க."

வகுப்பில் மூலையில் நிறுத்தப்பட்ட பையன் மாதிரிச் சுவரைப் பார்த்து நின்றேன். விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. நான் நினைத்ததைவிட நீளமான வார்த்தை. இணைந்துவிட்டது என்று திரை ஒளி சொன்னது.

"உக்காருங்க. அவ வர்ற நேரமாச்சு."

"நீ?"

"எனக்கு வேலை இருக்கு. நீங்களே பேசுங்க." கதவை அவளே சாத்திவிட்டுப் போனாள். நான் ஒரு வாரமாகத் திட்டம் போட்டது அந்தக் கதவு சாத்தப்படுவதற்காகத்தான். சாத்தியபோது எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. எழுந்து போய்த் திறந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மகள் வந்தாள். முழுத்திரையில் அவள் முகம். மூலைச் சதுரத்தில் என் முகம். இரண்டு காதோடு.

"அப்பா! இவ்வளவு நரைச்சிடுச்சா உங்களுக்கு?"

"கேமராவுல அப்படித் தெரியுது."

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் முகம் மறுபடி அந்த இடத்துக்குப் போனது. இப்போது கேட்க வேண்டும். வாரம் முழுக்கத் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியம். தொண்டைவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

"சாப்பிட்டியா?"

மகள் கண் ஓரத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்.

"அம்மா சொன்னா. அப்பா முதல்ல அதைத்தான் கேப்பார், அப்புறம் முழிச்சிட்டு உக்காந்திருப்பார், நீயே சொல்லிடுன்னு."

"என்னத்தைச் சொல்றது?"

"எனக்கு இங்க பிடிக்கலைப்பா. ரொம்ப நாளாவே. ஆஃபீஸ்ல கேட்டுட்டேன், வீட்டுலேருந்தே வேலை பாக்கலாம்னுட்டாங்க. அடுத்த மாசம் வந்துடறேன்."

"அம்மாவுக்கு எப்பத் தெரியும்?"

"முன்னாடியே. உங்ககிட்ட நானேதான் சொல்லணும்னா. நீங்க கேப்பீங்கன்னு ஒவ்வொரு வாரமும் பாத்தேன். நீங்க சாப்பிட்டியான்னு கேட்டீங்க. நானும் சாப்பிட்டேன்னு சொல்லிட்டேன்."

எனக்குத் திரை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. நெட் சரியில்லையோ என்னவோ.

"பின் ரூம்ல நெட் எடுக்குமா, எனக்கு அங்கதான் வேலைன்னு நேத்து அம்மாகிட்ட ஃபோன்ல கேட்டேன்" என்றாள் மகள். "அம்மா சொன்னா, கவலைப்படாதே, அப்பா ரூமை ஒழிச்சு, நெட்டும் போட்டு வெக்கப் போறார். ஆனா எதுக்குன்னு அவருக்கே தெரியாதுன்னு."

துடைத்த ஜன்னலைப் பார்த்தேன். பளபளவென்றிருந்தது.

அப்புறம் நிறையப் பேசினோம் என்று எழுதத்தான் ஆசை. அவள் பேசினாள். நான் சரிம்மா என்றேன். வாம்மா என்றேன். உடம்பைப் பார்த்துக்கோ என்றேன். இத்தனை நாள் ஒரு காதோடு உட்கார்ந்திருந்தபோதே இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். அதற்கு அடாப்டர் தேவைப்பட்டிருக்காது.

வெளியே வந்தேன். என் மனைவி அந்தப் பூப்போட்ட துணியை உதறிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரைச்சீலை. பின்னறை ஜன்னலுக்குச் சரியான அளவு.

"கம்ப்யூட்டரை இனிமே எங்க வெக்கறது?" என்றேன்.

"பாக்கலாம். பேசியாச்சா?"

"ம். இனிமேலாவது அந்த பாஸ்வேர்டைச் சொல்லேன்."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"உள்ள போனதும் அவகிட்ட முதல்ல என்ன கேட்டீங்களோ, அதுதான்."