உறுதிக்குச் சான்றளித்த பிளக்ஸ்

நவீன நாகரிகத்தின் சிகரம் எதுவென்று கேட்போருக்கு, கீழ்வேளூர் சாலையோரம் மதகுப்பேட்டைப் பேரூராட்சி நட்டுவைத்த விளக்குக் கம்பத்தைத் தயங்காமல் காட்டலாம். உயரத்தில் அது பனைமரத்தை வென்றது; பருமனில் மட்டும் அடக்கம் காத்தது. பெருங்காற்றுக்கு அசையாத அக்கம்பம், வயல்வெளியிலிருந்து சீரான இளங்காற்று வரும் மாலைகளில் அடி முதல் நுனி வரை நடுங்கியது. அதனடியில் பஜ்ஜிக் கடை வைத்திருந்த கமலவல்லிக்கோ உயிரே நடுங்கியது.

அவள் பேரூராட்சித் தலைவர் ராஜராஜனிடம் முறையிட்டாள்.

“ஐயா, கம்பம் ஆடுதுங்க. அடியில நட்டெல்லாம் கழண்டுகிட்டு வருது. என் தலையில விழுந்துடும் போலருக்கு.”

“அது நான் தொறந்து வச்ச கம்பம்மா!”

“அதனாலதாங்க பயமா இருக்கு.”

‘அவசர ஆலோசனைக் கூட்டம்’ கூடியது. தேநீரும் முறுக்கும் தீரும்வரை ஆழ்ந்து சிந்தித்து, ஆடுவது கம்பமன்று, மக்களின் நம்பிக்கையே என்று ‘ஏகமனதாக’க் கண்டறிந்தது. எனவே நட்டுகளை விட்டுவிட்டு, ‘கம்பம் உறுதியாக உள்ளது; வதந்தியை நம்பாதீர்’ என்னும் மாபெரும் பிளக்ஸை அக்கம்பத்திலேயே கட்ட முடிவாயிற்று.

கட்ட வந்த சலாஹுதீன் கத்தியுடன் திகைத்து நின்றார். காற்று புகுந்து போக, பிளக்ஸில் அங்கங்கே பிறை வடிவில் கீறிவிடுவது தொழில் வழக்கம்.

“எங்கன்னு கீறுறது? எங்க பார்த்தாலும் மூஞ்சியா இருக்கு.”

“ஓரமா கீறுங்க பாய்,” என்றாள் கமலவல்லி.

“ஓரத்துல தலைவரோட மச்சான் இருக்காரும்மா.”

“தலைவர் மூஞ்சிதான் அவ்ளோ பெருசா இருக்கே, அதுல ஒண்ணு…”

“ஏம்மா, நான் இந்த ஊர்ல பொழைக்க வேணாமா?”

ஆகவே எவர் மரியாதைக்கும் துளையிடாமல், கப்பலின் பாய் போல அது கம்பத்தில் ஏறியது.

மறுநாளே ஆடிக் காற்று வந்து பிளக்ஸை வயிறு புடைக்க ஊதி, கம்பத்தைப் பக்கத்து வாய்க்காலில் சாய்த்தது. கட்டறுந்து உடன் இறங்கிய பிளக்ஸ், வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த கமலவல்லியைக் கடையோடு மூடிக்கொண்டது. நல்லவேளை, அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை.

ஊர் கூடியது. தலைவரும் ஓடிவந்தார்.

“கிழிச்சுத் தூக்குங்கப்பா!” என்றது ஒரு குரல்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் தம் படத்தைப் பார்த்தார்.

“பதமா மடிச்சு எடுங்க,” என்றார்.

அதற்குள் உள்ளிருந்து ஒரு கத்திமுனை எட்டிப்பார்த்தது. படத்தில் சிரித்துக்கொண்டிருந்த தலைவரின் வாய் அகலமாகப் பிளந்தது. தலையெல்லாம் கடலைமாவுடன் கமலவல்லி அதன் வழியே வெளிப்பட்டாள்.

“கம்பம் ஆடுதுன்னு சொன்னேனா இல்லையா?”

தலைவரின் வாயிலிருந்து மதகுப்பேட்டை மக்கள் கேட்ட முதல் உண்மை அதுதான்.