செடி தானாக வளரும்

மூன்றாவது முறையும் அதே விடைதான் வந்தது. கல்லூரிக்குக் கட்டும் பணம் திரும்பி வரும்போது மகளுக்கு ஐம்பத்திரண்டு வயதாகியிருக்கும்.

கணக்கர் மடிக்கணினியை முறைத்தார்.

பக்கத்தில் அந்தப் புத்தகம் கிடந்தது. அட்டையில் குளம், படிக்கட்டு, நிழல் மரங்கள். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர், அதாவது தோட்டம் வடிவமைக்கும் ஐந்து வருடப் படிப்பு. பெரியவள் இரண்டு நாளாக அவர் எதிரில் உட்கார்ந்து அதைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இன்று "இதைப் படிச்சா எவ்வளவு கிடைக்கும்பா?" என்று கேட்டுவிட்டாள். அவள் சேரப் போகிறாள் என்று முடிவுகட்ட அது போதாதா?

"இதைப் படிக்கறதும் ஆத்துல போடறதும் ஒண்ணு," என்றார்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணுமே," என்றாள் மனைவி. "சரியா அளந்தீங்களா?"

"சம்பளம்னு எதைப் போட்டீங்க?" பெரியவள் கேட்டாள்.

"அதே படிப்புப் படிச்ச எங்க ஆபீஸ் தோட்ட மேடம் வாங்கறதை."

"அவங்களுக்கு ஏன்பா அவ்வளவு கம்மி?"

கணக்கர் மடிக்கணினியை மூடினார்.

அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்கும் கம்பெனி அது. சம்பள உயர்வு கேட்கும் கோப்புகள் அவர் மேசையைத் தாண்டித்தான் முதலாளியிடம் போக வேண்டும். தாண்டியவை குறைவு. தோட்ட மேடத்தின் கோப்பில், 'செடி தானாக வளர்கிறது. சம்பளம் எதற்கு வளர வேண்டும்?' என்று எழுதியிருந்தார். எதிர்மேசையில் கட்டடப் படம் போடும் வரைபடக்காரரின் கோப்பில், 'கோடு நேராகப் போடுகிறார். சம்பளமும் நேராகவே போகட்டும்.' இரண்டையும் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மனைவி மறக்கவில்லை. "ஊரான் வீட்டுப் பொண்ணு வயித்துல அடிச்சீங்க. இப்ப நம்ம பொண்ணு வயித்துல விழுது."

"அப்பா மாட்டிக்கிட்டார்!" என்றாள் சின்னவள். ஒன்பதாம் வகுப்பு. பெண்கள் இருவரும் மாலையில் அவர் அலுவலகத்துக்கு வந்து, அவர் கிளம்பும்வரை அங்கேயே வளைய வருவார்கள். தோட்ட மேடத்தை இருவருக்கும் பிடிக்கும்.

கணக்கர் சட்டென்று நிமிர்ந்தார்.

"இருங்க. சம்பளத்தை அமுக்கினது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப ஏத்தறதும் நான்தானே!"

அன்று அவருக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் முதல் ஆளாக முதலாளி அறைக்குள் நுழைந்தார்.

"தோட்ட மேடத்துக்குச் சம்பளம் ஏத்தணும் சார்."

முதலாளி எழுந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே."

"தோட்டம் பார்த்த வீடுங்கதான் சார் முதல்ல வித்திருக்கு. விலையும் கூட. இந்தாங்க."

முதலாளி தாளைப் பார்த்தார். நாற்காலி பின்னால் உருண்டது. "அட! அப்ப கார் நிறுத்தற இடம் எதுக்குய்யா? அதையும் தோட்டமாக்கு!"

"மேடத்தை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"எதுக்கு? செடி தானா வளரும்னு நீதானே எழுதின?"

அந்த வார முடிவுக்குள் சிமெண்டைப் பெயர்த்து மண் கொட்டிக் கன்றும் நட்டாயிற்று. வீடு வாங்கியவர்கள் திரண்டு வந்தார்கள். நிறுத்த இடமில்லாத கார்களைக் கம்பெனி வாசலில் நிறுத்திவிட்டுச் சாவியோடு உள்ளே வந்து கத்தினார்கள். முதலாளியின் கார் உள்ளே மாட்டிக்கொண்டது.

தோட்டம் போனால் மேடம் போவார். மேடம் போனால் மகளின் கணக்கு போகும். கணக்கர் முந்திக்கொண்டார்.

"தோட்டத்தை மொட்டை மாடிக்கு ஏத்திடலாம் சார்!"

மண் மேலே ஏறியது. கூடவே மழையும் வந்தது. மேல்மாடியில் புதிதாகக் குடிவந்த பல் மருத்துவர் போன் செய்தார்.

"என் கட்டில் மேல சேறு சொட்டுது. இதுக்கு உரம் நான் போடணுமா, நீங்க போடுவீங்களா?"

முதலாளி மேசையைத் தட்டினார். "எல்லாம் அந்தத் தோட்டத்தால வந்தது! செடியும் வேண்டாம், மேடமும் வேண்டாம்!"

கணக்கர் மனதுக்குள் கணக்குப் போட்டார். அந்தப் படிப்புக்கு அவர் பார்த்த ஒரே சம்பளமும் பூஜ்யமாகப் போகிறது. பூஜ்யத்தை வைத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு வயதில் அல்ல, நூற்றிரண்டு வயதிலும் பணம் திரும்பாது.

ஓடினார்.

"மேடம், நீங்கதான் காப்பாத்தணும்."

"யாரை சார்?"

"கம்பெனியை."

"முதல்லயே எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"தப்புதான்மா."

எதிர்மேசையில் வரைபடக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். அந்தச் சொல்லை அந்த வாயிலிருந்து அவர் கேட்டதில்லை.

மேடம் ஒரு படத்தை விரித்தார். ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தார். மாடி மண் கீழே இறங்கட்டும். கார் நிறுத்துமிடத்தில் ஓட்டை விட்ட கற்களைப் பதிக்கட்டும். கல்லின் மேல் கார் நிற்கும், ஓட்டையில் புல் முளைக்கும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கித் தொட்டிக்குப் போகும்.

முதலாளி இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை, வீடு வாங்கியவர்கள் முன்னால், தன் யோசனையாக அவரே சொன்னார். கைதட்டல். பல் மருத்துவரும் தட்டினார். கல் பதித்த வாரத்திலேயே விற்காமல் கிடந்த வீடுகளுக்கு ஆள் வந்தது.

"அந்த மேடத்துக்கு என்னய்யா போடலாம்?"

"மூணு மடங்கு சார்."

"மூணா?" என்றார்கள் முதலாளியும் மேடமும் ஒன்றாக.

"மூணு," என்றார் கணக்கர். கையெழுத்து விழுந்தது.

வீட்டுக்குள் செருப்போடு ஓடினார். புது எண்ணைத் தட்டினார். ஐம்பத்திரண்டு, முப்பத்திரண்டாக இறங்கியது. எழுந்து நின்று கணினியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சேர்ந்துடும்மா! நாளைக்கே பணம் கட்டறேன்!"

"எதுக்குப்பா?"

"தோட்டப் படிப்புக்கு!"

பெரியவள் தலையைச் சொறிந்தாள். "சேரப் போறேன்னு நான் சொல்லவே இல்லையே. எவ்வளவு கிடைக்கும்னுதானே கேட்டேன். மேத்ஸ் எடுக்கப் போறேன்னு போன மாசமே சொன்னேன். நீங்கதான் காதுல வாங்கல."

"அப்ப அந்தப் புத்தகம்?"

"சும்மாப்பா. படமெல்லாம் அழகா இருந்தது."

கணக்கர் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார்.

"விடுங்க," என்றாள் மனைவி. "வாழ்க்கையில ஒரு தடவை ஒருத்தருக்குச் சம்பளம் ஏத்தியிருக்கீங்க. புண்ணியம்."

மறுநாள் இரவு வீட்டில் அவர் எதிரில் சின்னவள் வந்து உட்கார்ந்தாள். மடியில் புத்தம்புதுப் புத்தகம். அட்டையில் அளவுகோலும் பென்சிலும். கொஞ்ச நேரம் புரட்டினாள். பொறுமை இல்லை.

"அப்பா, வரைபடம் போடற படிப்புக்கு எவ்வளவு கிடைக்கும்? தோட்ட மேடம் அக்காவுக்குப் புத்தகம் கொடுத்து உங்ககிட்டக் கேட்கச் சொன்ன மாதிரியே, உங்க எதிர்மேசை மாமா என்னைக் கேட்கச் சொன்னார்."