பாவிகளுக்கு எரியாத கோடு

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் கற்கோயிலைப் பார்ப்பார்கள், கடலில் கால் நனைப்பார்கள், சுண்டல் தின்றுவிட்டு ஊர் திரும்புவார்கள். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் மட்டும் பாதிப் பேர் அவ்வளவு தூரம் போகவே இல்லை. வழியிலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துக் கல்யாண மண்டபத்தில் இறங்கிக்கொண்டார்கள். மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில், தார்த் தரையில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அதற்குத் தேங்காய் உடைத்தார்கள்.

கோடு என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். இரண்டு கார்களுக்கு நடுவே போடுகிற கோடுதான். மண்டபம் கட்டிய புதிதில் வரிசையாகப் போட்டார்கள். பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெயிலும் டயரும் தேய்த்து எல்லாம் மறைந்துபோயின. முகூர்த்த நாளில் வண்டிகள் ஒன்றுக்குள் ஒன்று மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும். டிரைவர்கள் பந்தியில் உட்காராமல் வெளியே ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரே ஒரு கோடு மட்டும் பளிச்சென்று இருந்தது. இது மட்டும் ஏன் அழியவில்லை என்று யாராவது கேட்டிருக்கலாம். அதற்குள் ஜோதிரேகைச் சாமியார் வந்துவிட்டார்.

கோட்டின்மேல் தார்ப்பாய்க் கூடாரம் எழும்பியது. பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. சாமியார் கையில் ஞான விளக்கு. ஞான விளக்கு என்பது பித்தளைச் செம்புக்குள் செருகிய டார்ச் லைட். ஞானத்துக்கும் பேட்டரி வேண்டாமா! புண்ணியம் செய்தவர்கள் பார்த்தால் கோடு ஜோதியாக எரியும். பாவிகள் பார்த்தால் வெறும் பெயின்ட். பாவிக்குப் பரிகாரம், ஒரு டின் வெள்ளைப் பெயின்ட். எதிரே ஹார்டுவேர் கடை. காலையில் அங்கே வாங்கிய டின் மாலையில் அங்கேயே திரும்பிப் போகும். மறுநாள் வேறொரு பாவியோடு வரும். மனிதனுக்கு மறுபிறவி உண்டோ இல்லையோ, டின்னுக்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படிக்காதவர்கள்தான் ஏமாந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அணு ஆராய்ச்சியில் பெரிய வேலையில் இருந்த லக்ஷ்மிநாராயணன் கோட்டின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "சயின்ஸுக்கு அப்பாற்பட்டது சார் இது" என்றார். அவர் சயின்ஸை ஆபீசிலேயே பூட்டி வைத்துவிட்டு வருகிற ரகம்.

எல்லாவற்றுக்கும் மேலான அத்தாட்சி வரதன். தீபாவளிச் சீட்டு நடத்தி, தீபாவளிக்கு முதல் வாரம் ஊரைவிட்டு ஓடி, பிடிபட்டு, ஜாமீனில் வந்திருந்தவன். அவனை நிறுத்திக் காட்டினார் சாமியார். கோடு எரியவில்லை. சீட்டில் ஏமாந்தவர்கள் கைதட்டினார்கள். "கோட்டுக்குத் தெரியும்யா யார் திருடன்னு!" அன்றோடு சாமியாரின் புகழ் செங்கல்பட்டைத் தாண்டியது.

படாளத்திலிருந்து சந்திரம்மாவும் வந்தாள். அவள் மகன் பூபாலன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். செய்யூர்ப் பெண் சிநேகாவை அவனுக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் அவனை. தையில் கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று. கோட்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

சிநேகா கூடார வாசலிலேயே வாயை விட்டாள். "சாமி, ஜோதிக்கு எதுக்கு டார்ச்சு?"

சாமியார் புன்னகைத்தார். அவள் தலையெழுத்து அந்த நொடியில் எழுதப்பட்டது.

"அம்மா, நீ இப்படி நில்லு. பொண்ணே, நீ அப்படி ஓரமாப் போ." விளக்கைச் சந்திரம்மாவின் காதோரம் பிடித்தார்.

"யம்மாடியோ! இன்னா வெளிச்சம்! எரியுதுடா பூபாலா!"

"பொண்ணே, உனக்கு?"

"பெயின்ட்டுதான் தெரியுது" என்றாள் சிநேகா. பொய் சொல்லத் தெரியாத பெண்.

சாமியார் கண்ணை மூடினார். "இவ கால் பட்டா உன் வூடு இருண்டுபோகும் தாயே. இதுக்குப் பரிகாரமே கிடையாது."

"அப்போ கல்யாணம் வாணாம்" என்றாள் சந்திரம்மா. "நான் பாத்தேன், எரிஞ்சிது. அந்தப் பொண்ணுக்குத் தெரில. இதுக்கு மேல இன்னா கீது?" மகன் கெஞ்சியதைக் காதில் வாங்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

சிநேகாவுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. பூபாலனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியை விரட்டினாள். பொழுது சாய்ந்திருந்தது. ஹெட்லைட் போட்டாள். சாலையோரக் கோடு தகதகவென்று எரிந்தது. சடாரென்று பிரேக் பிடித்தாள்.

"யோவ், எறங்கு. அங்க தள்ளிப் போய் நில்லு. கோடு எரியுதா?"

"இல்லியே. சும்மா வெள்ளையா கீது."

"இப்ப இங்க வா. லைட்டுக்கு நேர் மேல தலைய வச்சுப் பாரு."

பூபாலன் குனிந்தான். "அட, எரியுது! இன்னாடி இது?"

"உன் புண்ணியம் பத்து அடி தூரத்துல முன்ன பின்ன ஆவுது மச்சான்" என்றாள் சிநேகா. அன்று முதன்முறையாகச் சிரித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பெயின்ட் டின்னோடு வந்து நின்றாள். பரிகாரமே கிடையாது என்றவர்தான், ஆனாலும் டின்னைக் கண்டால் சாமியார் யாரையும் தடுக்க மாட்டார். பாவி பரிகாரம் செய்வதைப் பார்க்கட்டும் என்று பூபாலன் தன் அம்மாவையும் இழுத்து வந்திருந்தான். வரதனும் தன் பங்கு டின்னோடு வரிசையில் நின்றான்.

"சாமி, நான் பண்ண பாவத்த எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன். எல்லாரும் உள்ள வாங்க!" என்றாள் சிநேகா. சாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. கூடாரம் பிதுங்கியது.

உள்ளே போனதும் கைப்பையிலிருந்து வீட்டு டார்ச்சை எடுத்தாள். வரதன் கையைப் பிடித்துக் கோட்டுக்கு எதிரே நிறுத்தினாள். டார்ச்சை அவன் காதோரம் வைத்து அழுத்தினாள்.

வரதன் வாயைப் பிளந்தான். "எரியுது! அண்ணாத்த, எனக்கு எரியுது! சீரியல் லைட்டு மாதிரி எரியுது!"

தள்ளி நின்ற சாமியாரைப் பார்த்து சிநேகா கேட்டாள். "சாமி, உங்களுக்கு எரியுதா?"

பாவம் சாமியார். எரியவில்லை என்றால் அவர் பாவி. எரிகிறது என்றால் வரதன் புண்ணியவான். கொஞ்சம் யோசித்து, "வரதன் திருந்திட்டான்" என்றார்.

அதுதான் அவர் செய்த தவறு.

"திருந்திட்டானா? என் சீட்டுப் பணம் எங்க?" என்று ஒரு குரல். "என் பொண்ணு வளையலு?" என்று இன்னொன்று. பகுத்தறிவு எங்கள் ஜனங்களுக்குள் எந்த வழியாக நுழைந்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அறிவின் வழியாக இல்லை. வரதனைப் புண்ணியவான் என்று ஒப்புக்கொள்வதைவிடக் கோட்டையே கைவிடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

சந்திரம்மா முன்னே வந்தாள். யார் பேச்சையும் நம்பாமல் டார்ச்சைப் பிடுங்கித் தன் காதோரம் வைத்தாள். எரிந்தது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். அணைந்தது. மறுபடி கிட்டே. மறுபடி தள்ளி.

"கிட்ட வச்சா புண்ணியம். தள்ளி வச்சா பாவம்" என்றாள். "அடப்பாவி, என் மருமவள டார்ச்சு லைட்டுல தள்ளி வச்சியேடா!"

அவள் சாமியாரின் தாடியைப் பிடித்தபோது மற்றவர்கள் கூடாரத்தின் பின்பக்கத்தைப் பிரித்தார்கள். ஒரு மூட்டை இருந்தது. ரவை என்று நினைத்தார்கள். ரவை இல்லை, பொடிப் பொடியாகக் கண்ணாடி மணிகள். சாமியாரின் பழைய பெயர் பக்தவத்சலம். பழைய வேலை, சாலையில் கோடு போடுவது. ஈரப் பெயின்ட்டின்மேல் இந்த மணியைத் தூவினால், விளக்கு எங்கே இருக்கிறதோ அங்கேயே வெளிச்சம் திரும்பி வரும். இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்காகக் கண்டுபிடித்தது. கூடாரம் போடுவதற்கு முன்பே ஒரு ராத்திரி வந்து அந்த ஒரு கோட்டை மட்டும் இப்படிப் புதுப்பித்துவிட்டுப் போனவரும் அவரேதான். அமாவாசைதோறும் கூடாரத்தைச் சாத்திக்கொண்டு அவர் நடத்திய ரகசிய அபிஷேகம் இதுதான்: தரையைப் பெருக்கி, கழுவி, ஈரம் போகக் காயவிட்டு, தேய்ந்த இடத்தில் புதுப் பெயின்ட் அடித்து மணி தூவுவது. அந்த மண்டபத்தில் ஒழுங்காக நடந்த ஒரே பராமரிப்பு அதுதான்.

மண்டபக்காரர் போலீசைக் கூப்பிடப் போனார். சந்திரம்மா விடவில்லை. "அது அப்பறம். மொதல்ல மீதிக் கோட்டையெல்லாம் போடட்டும். தையில எங்க வூட்டுக் கல்யாணம் இங்கதான்." பக்தவத்சலம் கயிறு கட்டி, கோணல் இல்லாமல், எல்லாக் கோட்டையும் போட்டார். தொழில் தெரிந்த மனிதர். அதைச் செய்தே கௌரவமாகப் பிழைத்திருக்கலாம்.

தையில் கல்யாணம் நடந்தது. கார்கள் வரிசையாக நின்றன, ஒரு டிரைவரும் சட்டையைப் பிடிக்கவில்லை. பந்தியில் லக்ஷ்மிநாராயணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "கோடு ஃபிராடுதான் சார். ஆனா திருக்கழுக்குன்றம் ரோட்டுல ஒரு ஸ்பீடு பிரேக்கர், வியாழக்கிழமை பேசறதாமே?" என்று என் காதில் கேட்டார்.

அவருக்குப் பாயசம் போடச் சொன்னேன். உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். உனக்கு மட்டும் ஒளி தெரிகிறது என்று எவனாவது சொன்னால், ஒளியை அப்புறம் பாருங்கள். முதலில் விளக்கு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.