தீக்குழியை மறந்த பேச்சுவார்த்தை

டிவியில் பெரிய மனிதர்கள் தட்டுத்தடுமாறுவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்களோடு சேர்ந்து சிரிக்க என்னால் முடியாது. பிரிட்டன் தேசம் ஐரோப்பிய நாடுகளின் கூட்டை விட்டு விலகுவதற்குப் பேச்சு நடத்திய அந்த வருடங்களில், ரங்கூனில் எங்கள் அலோன் பகுதி டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அதே சமயத்தில் நானும் அதேபோல ஒரு விலகலுக்குப் பேச்சு நடத்தியவன். அவர்களுக்காவது கோட்டு சூட்டு, நீள மேஜை, எழுதிக் கொடுக்க ஆட்கள் எல்லாம் இருந்தன. என்னிடம் இருந்தது ஒரு குடை, ஒரு கடிதம். (கடிதமும் வேறொருவர் எழுதியது.)

ரங்கூன் ஆற்றங்கரையில், அலோன் படகுத்துறைக்குப் பக்கத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவன் நான். படிப்பு ஆறாவது வரை. தமிழ் எழுத்து கோயில் வகுப்பில் கற்றது. எங்கள் தெருவில் ஓர் அம்மன் கோயில் உண்டு, சின்னது. இதே ஊரில் போட்டாதாங் பகுதியில் ஒன்று, மிங்கலாடோன் பகுதியில் ஒன்று. மூன்றும் தனித்தனியே விழா எடுக்கச் சக்தியில்லாமல் எங்கள் அப்பா காலத்தில் ஒரே சபையாகச் சேர்ந்துவிட்டன. போட்டாதாங்காரர்களிடம் தேர். மிங்கலாடோனில் மைதானம் இருந்ததால் தீமிதிக் குழி அங்கே. எங்கள் பங்கு அன்னதானம். அதற்கு நாங்கள் கொடுத்த நாலு அண்டா சபையிலேயே இருந்தன. ஓர் ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிசு. (சும்மா சொல்லவில்லை. பின்னால் தெரியும்.)

எங்களுக்குக் குறையும் இருந்தது. தேர் காலையில் போட்டாதாங்கில் புறப்பட்டு, ஒவ்வொரு தெருவாக நின்று, அலோனுக்கு வரும்போது உச்சிவெயில் ஏறிவிடும். மாலை வாடியிருக்கும். மேளக்காரர் அடிப்பதா விடுவதா என்கிற நிலையில் இருப்பார். அம்மன் முகத்திலேயே ஒரு களைப்பு தெரியும். (தாயே, மன்னிக்கணும்.) போதாததற்கு, சாம்பாரில் கத்தரிக்காய் போடக்கூடாது என்று சபை தீர்மானம் வேறு. சமைக்கிறவன் நான், காயைத் தீர்மானிக்கிறவர்கள் அவர்கள்.

ஒரு நாள் டீக்கடையில் எங்கள் கோயில் தலைவர் ஊ தங்கராஜ் பேப்பரை மடித்து வைத்தார். (இங்கே பெரியவர்கள் பேருக்கு முன்னால் 'ஊ' போடுவோம், பெரிய அம்மாக்களுக்கு 'டோ', என்னைப்போல இரண்டுங்கெட்டான்களுக்கு 'கோ'.)

"பாத்தியா கோ மாரி, வெள்ளைக்காரனே சேந்திருந்தது போதும்னு கிளம்புறான். நமக்கு மட்டும் என்ன தலையெழுத்து?"

"அவனுக்குக் கிளம்பிப் பழக்கம் உண்டுங்க. நமக்கு?" என்றேன்.

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

கோயிலில் கூட்டம் போட்டார்கள். பிரியலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு கை அதிகம். அதில் ஒன்று சோம்பல் முறிக்க எழுந்த கை என்று என் மனைவி இன்றும் சாதிக்கிறாள்.

மனைவி பெயர் மா கின். பர்மியப் பெண். தினம் காலையில் புத்தர் மாடத்துக்குப் பூவும் தண்ணீரும் வைப்பாள். எங்கள் மகள் மீனா நாலு வயதில் மூன்று வாரம் விடாத காய்ச்சலில் கிடந்தாள். கயிற்றுக்கடைக்காரன் நான் கையாலாகாமல் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தபோது, இவள் யாரையும் கேட்காமல் நேரே எங்கள் அம்மனிடம் போய், "மூணு வருஷம் தீ மிதிக்கிறேன், பிள்ளையைக் கொடு" என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்துவிட்டாள். மா கின் இரண்டு வருடம் மிதித்தும்விட்டாள். நான் சொல்கிற வருடம் மூன்றாவது வருடம்.

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பேச்சு நடத்த என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், நான் பேரம் பேசுகிறவனாம். ஒரு முழக் கயிற்றுக்குப் படகுக்காரர்களோடு அரைநாள் பேசுவேன். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, புது லோஞ்ஜி கட்டிக்கொண்டு, குடையோடு போட்டாதாங் போனேன்.

சபைச் செயலாளர் டோ பாக்கியம். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எதிரில் உட்கார்ந்தாலே நின்றுபோன என் படிப்பு ஞாபகத்துக்கு வரும்.

"சொல்லுங்க, கோ மாரி."

"நாங்க பிரியறோம்."

"சரி," என்றார். டீ ஊற்றினார்.

நான் வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு வந்தது பெரிய சண்டை. அதில் எங்கேயும் 'சரி' வரவில்லை.

"அண்டா நாலும் எங்களுக்கு வேணும்."

"உங்களுதுதானே. நாளைக்கே ஏத்திக்குங்க."

"தேர் எங்க தெருவுக்கு வர வேணாம்."

"வராது."

"சாம்பார்ல கத்தரிக்காய் போடுவோம்."

"போடுங்க. வயித்துக்கு நல்லது."

பேரம் பேசுகிறவனுக்கு எதிராளி ஒத்துக்கொள்வதைப் போலப் பயம் வேறில்லை. எங்கள் கடையில் ஒரு வித்தை உண்டு. விலை படியாவிட்டால் வாங்குகிறவன் எழுந்து நடப்பான். பத்தடி போனதும் நான் கூப்பிடுவேன். இங்கே நானும் அப்படியே எழுந்தேன். "அப்ப நான் கிளம்பறேன்" என்று நடந்தேன். மெதுவாகச் செருப்பு மாட்டினேன். கழற்றி, இன்னும் மெதுவாக மாட்டினேன். வாசலைத் தாண்டினேன். ஸ்டிராண்டு ரோடே வந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை.

வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனேன்.

"குடையை மறந்துட்டேன்."

"கையில இருக்கு," என்றார் டோ பாக்கியம்.

ஆனாலும் அலோனுக்கு வந்தபோது எனக்கு மாலை போடாத குறைதான். மறுநாளே அண்டாக்கள் வந்து இறங்கின. வீட்டுக்குள் ஜெயித்தவன் நடை நடந்து போனேன். மா கின் கல்லில் தனாக்கா, அதுதான் முகத்தில் பூசுகிற மரப்பட்டை, அரைத்துக்கொண்டிருந்தாள். மீனா தன் கன்னத்தை நீட்டிக் காத்திருந்தாள்.

"எல்லாம் வாங்கிட்டேன்," என்றேன்.

"அண்டா?"

"வந்திருச்சு."

"கத்தரிக்காய்?"

"இனி நம்ம இஷ்டம்."

அரைக்கிற சத்தம் நின்றது.

"மீனா அப்பா, நான் எங்க மிதிக்கிறது?"

நான் கோயில் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கோயிலுக்குப் பின்னால் என் தார்ப்பாய்க் கிடங்கு. அதை ஒட்டி வரிசையாக மர வீடுகள். நாங்கள் கற்பூரம் ஏற்றினாலே பக்கத்து வீட்டுக்காரர் வாளியோடு எட்டிப் பார்ப்பார். அங்கே நெருப்புக் குழியா?

"அம்மன்கிட்ட மூணுன்னு சொல்லியிருக்கேன்," என்றாள் மா கின். "ரெண்டு போதும்னு பேசி முடிச்சிட்டு வாங்களேன். நீங்கதான் பேரம் பேசுறவர் ஆச்சே."

அன்று முழுக்க, நடக்கும்போதும் நிற்கும்போதும், மீனாவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை அது.

மறுபடி போட்டாதாங். இந்தத் தடவை புது லோஞ்ஜி இல்லை.

"சபை வேணாம், தேர் வேணாம். குழி மட்டும் வேணும்," என்றேன்.

டோ பாக்கியம் கண்ணாடியைக் கழற்றினார். "குழி தனியா வராது, கோ மாரி. குழியில இறங்கக் கையில காப்பு வேணும். காப்பு சபை கட்டுறது. இந்த வருஷ விழா முடியட்டுமே, அப்புறம் பிரியலாம்."

எனக்கு அங்கேயே தலையாட்டத் தோன்றியது. ஆனால் ஊ தங்கராஜ் விடவில்லை. "நாள் தள்ளிப் போட்டா சிரிப்பாங்க. ஞாயித்துக்கிழமை மிங்கலாடோன்ல மூணு கோயிலும் கூடும். எழுந்திரு, கடுதாசியைப் படி, வெளியே வா. ஆனா காப்புக்கு முன்னாடி. மறந்திடாதே."

காப்பு என்பது மஞ்சள் தோய்த்த நூல். விழா தொடங்கும்போது மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டிவிட்டால் பத்து நாள் கவிச்சி இல்லை, சண்டை இல்லை, பொய் இல்லை, விழா முடியும்வரை யாரும் ரங்கூன் எல்லை தாண்டிப் போகக்கூடாது. ஒரு கோயிலின் சார்பாக வந்தவன் கட்டிக்கொண்டால் அந்தக் கோயிலே கட்டுப்பட்ட மாதிரி. இது எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஊ தங்கராஜுக்கு முட்டிவலி. நான்தான் போனேன். மா கின் மஞ்சள் புடவை கட்டி, மீனாவைக் கூட்டிக்கொண்டு, கேட்காமலே கூட வந்தாள். கோயில் நிறைந்திருந்தது. பெண்கள் வரிசையில் அவளுக்கு மட்டும் முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள். பிரிந்து போகிற கோயில் இல்லையா.

என் திட்டம் இதுதான்: கடிதத்தைப் படித்துவிடுவது, பிறகு பூசாரி காலில் விழுந்து அவளுக்கு மட்டும் காப்புக் கேட்பது. எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன். அந்த நேரம் உடுக்கை அடித்தது. பூசாரி தாம்பாளத்தோடு எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார்.

அடுத்து நடந்ததை எத்தனை தடவை யோசித்தாலும் என் கை செய்ததா, அம்மன் செய்ததா என்று தெரியவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து உடுக்கை கேட்டால் வலது கையை நீட்டிக் கண்ணை மூடுகிறவன் நான். வலது கையில் கடிதம் இருந்தது. அதைப் பதவிசாக இடது கைக்கு மாற்றினேன். வலது கையை நீட்டினேன். கண்ணை மூடினேன். "தாயே" என்றேன்.

கண்ணைத் திறந்தபோது நூல் கட்டியாயிற்று. கோயில் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கப்பலைக் கட்டுகிற கயிறு விற்கிறவனை ஒரு மஞ்சள் நூல் கட்டிப்போட்டுவிட்டது.

"என்னவோ படிக்க எழுந்தீங்களே," என்றார் டோ பாக்கியம், ரொம்ப மரியாதையாக. "படிங்க."

கடிதத்தைப் பார்த்தேன். 'இன்று முதல் எங்களுக்கும் சபைக்கும் சம்பந்தமில்லை' என்று ஊ தங்கராஜ் அழகாக எழுதியிருந்தார். கையில் காப்போடு அதை எப்படிப் படிப்பது? அந்தப் பக்கம் மா கின் இடது மணிக்கட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். வெறும் மணிக்கட்டு.

கடிதத்தை மடித்து மடித்து, அதற்குமேல் மடிக்க முடியாத அளவுக்கு மடித்தேன்.

"என் பொண்டாட்டிக்கும் கட்டுங்க, சாமி," என்றேன்.

பூசாரி சிரிக்கவில்லை. "அலோன் கோயில் இருக்கா, போயிட்டா?"

"இருக்குங்க."

"விழா வரைக்குமா?"

"...இருக்குங்க."

அவர் பெண்கள் வரிசைக்குப் போனார். மா கின் கையை நீட்டினாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இது பக்திக் கதை. பூசாரி திரும்பி வந்து கேட்டார்: "சாயங்காலம் கஞ்சி ஊத்தணுமே. அண்டா எங்க?"

நான் பேசி வாங்கிய ஒரே பொருள் அதுதான். நாலும் அலோனில் என் கடை வாசலில் கவிழ்ந்து கிடந்தன.

உடனே ஒரு சின்ன லாரி பிடித்து, மா கின்னையும் மீனாவையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். அலோனில் அண்டாக்களை ஏற்றும்போது ஊ தங்கராஜ் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "என்னப்பா, பேசி முடிச்சாச்சா?" நான் மணிக்கட்டைக் காட்டினேன். அவர் முகம் சிவந்தது. வாய் திறந்தது. ஆனால் காப்புக் கட்டினவனைத் திட்டக்கூடாது. கும்பிட்டார். "பத்து நாள் கழிச்சு வீட்டுக்கு வா," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

லாரியில் முன்சீட்டில் மா கின்னும் மீனாவும். பின்னால் அண்டாக்கள் போக ஒரு சாண் இடமில்லை. பெரிய அண்டாவுக்குள் ஏறி உட்கார்ந்தேன். பங்குனி வெயில். செம்பு அண்டா. மிங்கலாடோன் வரை நெரிசல். தலை மட்டும் வெளியே தெரிய, நான் வெந்துகொண்டே போனேன். ஒரு சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு பர்மியப் பெரியவர் எட்டிப் பார்த்து அன்பாக விசாரித்தார்: "எங்கே கொண்டுபோய்ச் சமைக்கப் போகிறார்கள்?"

"மிங்கலாடோன்ல," என்றேன். பொய் சொல்லக்கூடாதே.

"நல்லபடியாகப் போய் வாங்க," என்று அனுப்பிவைத்தார்.

பத்தாம் நாள் மா கின் மிதித்தாள். குழியின் மறுமுனையில் பால் தொட்டிக்குப் பக்கத்தில் மீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஓடவில்லை. காய்கறி வாங்கப் போகிற மாதிரி நடந்து வந்து, பாலில் கால் வைத்து, முதல் வேலையாகக் குனிந்து மீனாவின் நெற்றியைத் தொட்டாள். "மூணு," என்றாள். அவ்வளவுதான். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

அன்று டோ பாக்கியம் என்னைக் கூப்பிட்டு, எதற்காகத்தான் பிரியப் பார்த்தீர்கள் என்று கேட்டார். வெயிலில் தேர் வருவதைச் சொன்னேன்.

"ஒரு வருஷம் அலோன்ல இருந்து புறப்படட்டும், ஒரு வருஷம் போட்டாதாங்ல இருந்து. இதை முதல் நாளே கேட்டிருந்தா அன்னிக்கே சரின்னிருப்பேனே. நீங்க பிரியறோம்னுதானே சொன்னீங்க."

நான் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறு வருடம் வாடாத மாலையோடு அம்மன் காலையிலேயே எங்கள் தெருவில் நின்றாள். ஊ தங்கராஜின் கோபம் அத்தோடு போயிற்று. சாம்பாரில் கத்தரிக்காய் மட்டும் இன்றுவரை கிடையாது. பூசாரி எல்லோருக்கும் ஒரு முடிச்சுப் போட்டால் எனக்கு இரண்டு போடுகிறார்.

பிறகு ஒரு நாள் டிவியில், பிரிட்டன் கடைசியில் விலகியே விட்டது என்று சொன்னார்கள். மா கின் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அந்த ஊர்ப் பொம்பளைங்க இனி எங்க மிதிப்பாங்க?" அவள் கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையான கவலை. அங்கே பேச்சு நடத்தினவர்களிடமாவது யாராவது வீட்டில் கேட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மீனா இப்போது வளர்ந்துவிட்டாள். எங்கள் வீட்டில் யாருக்காவது கோபம் வந்து, "நான் போறேன் இந்த வீட்டை விட்டு" என்று கிளம்பினால், யாரும் தடுப்பதில்லை. போன வாரம் நானே கிளம்பினேன். செருப்பை மெதுவாக மாட்டினேன். வாசல்வரை நடந்தேன்.

"அப்பா," என்றாள் மீனா உள்ளேயிருந்து. ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்துவிட்டது. கூப்பிட்டுவிட்டாளே.

"அண்டா எடுத்துக்கிட்டீங்களா?"