சாக்கடை ஜோசியர்

எந்தப் புதுக் கொரோனாவும் எங்கள் சாக்கடை ஜோசியரிடம் சொல்லிக்கொள்ளாமல் புனேக்குள் நுழைந்ததில்லை. செய்தி சேனல்களுக்கெல்லாம் பிறகுதான் தெரியும்.

புனேயின் நிக்டி பகுதியில் எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு நாலா ஓடுகிறது. நாலா என்றால் இந்த ஊர் பாஷையில் சாக்கடைக் கால்வாய். ஊரடங்கெல்லாம் முடிந்து, மாஸ்க்குகள் வண்டி துடைக்கும் துணியாகிவிட்ட காலம். ஒரு நாள் காலை, ஒருவர் கயிற்றில் பாட்டிலைக் கட்டி நாலாவுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். சமையலறை ஜன்னலிலிருந்து என் கணவரைக் கூப்பிட்டேன்.

"இங்க வந்து பாருங்க, ஒரு லூசு நாலாவுல மீன் பிடிக்குது!"

இங்கே யாருக்குத் தமிழ் புரியப்போகிறது என்ற தைரியம்தான். அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார்.

"மீன் இல்லக்கா, கொரோனா!"

நான் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தவள்தான், குக்கர் நான்கு விசில் அடித்த பிறகே எழுந்தேன்.

மூன்று தலைமுறையாக ஊரின் இன்னொரு பக்கம், கட்கியில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. ஓர் ஆய்வுக்கூடத்துக்காக வாரம் இருமுறை நாலாத் தண்ணீர் எடுப்பது வேலை. நோய் வந்தவருக்குத் தும்மல் வருவதற்கு முன்பே கிருமி கழிவறை வழியாக நாலாவுக்கு வந்துவிடுமாம். "மனுசன் வெறும் ஜலதோசம்னு பொய் சொல்லுவான்க்கா. நாலா பக்கா. பொய்யே சொல்லாது" என்பார். பரிசோதனை முடிவு வெளியானதும் எங்களிடம் 'ஏறுது', 'இறங்குது' என்று இரண்டே வார்த்தையில் பலன் சொல்லுவார். ஜோசியர் என்று பெயர் வைத்தது என் கணவர்.

புது வகைகளின் பெயர்கள் எழுத்தும் எண்ணும் புள்ளியுமாக பஸ் நம்பர் மாதிரி இருக்கும். எங்களுக்காக அவர் உறவுமுறை வைத்துவிட்டார்.

"இது ஓமைக்ரானோட பேத்தி. பாட்டி அளவுக்குக் கோவம் இல்ல. ஆனா வீட்ல தங்க மாட்டா. ஒரே நாள்ல எட்டு வீடு சுத்துவா."

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார் என் கணவர்.

"கிண்டல் பண்ணாதீங்க சாப். ரெண்டு வகை ஒரே உடம்புல சேந்தா நெசமாவே ஒண்ணு பொறக்கும்!"

மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ் வங்கி அதிகாரி ஒருநாள் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "ஏம்ப்பா, யார் வீட்ல என்ன சாப்பிட்டாங்கன்னு இதுல தெரியுமா?"

ஜோசியர் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்து உற்றுப் பார்த்தார். "புரட்டாசியில மட்டனா சார்?"

அந்த மாதம் முழுக்க மேல்வீட்டில் தயிர்சாதம்.

எங்களோடு என் அண்ணன் இருக்கிறார். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர். அதை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அவர் சாப்பிடும் மாத்திரை நோயெதிர்ப்பையும் குறைத்துவிடும். அவர் மகள் சுதாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம். விமான் நகரில், தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத ஏசி ஹால். ஒரு மாதம் இருக்கும்போது ஜோசியர் கேட் வரைக்கும் வந்து நின்றார். சிரிப்பில்லை.

"ஏறுதுக்கா. புதுசு."

அன்று இரவு சாப்பிடும்போது என் கணவர் தயங்கித் தயங்கி, "மச்சான் வேணா வீடியோவுல பாத்துக்கட்டுமே" என்றார். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கை கழுவினார்.

மறுநாள் நான் இதைச் சொன்னதும் ஜோசியருக்குக் கோபம் வந்துவிட்டது. "அரே, பொண்ணோட அப்பாவை ஏன் மாத்துறீங்க? ஹாலை மாத்துங்க!"

அப்புறம் அவர்தான் கல்யாண காண்ட்ராக்டர். டாக்டரைக் கேட்டு அண்ணனுக்கு உடனே தடுப்பூசி, "ஊசி வேலை செய்ய ரெண்டு வாரமாச்சும் வேணும்." விழா காலனி மைதானத்தில், திறந்த வெளியில். அண்ணனுக்கு நல்ல இறுக்கமான மாஸ்க். "காய்ச்சல், இருமல் இருக்கிறவங்க போன்லயே ஆசீர்வாதம் பண்ணட்டும்."

கோயம்புத்தூர் சம்பந்திக்கு எப்படிச் சொல்வது என்று நான்கு முறை ஒத்திகை பார்த்துவிட்டு போன் செய்தேன். "காத்தோட்டமா இருந்தா நல்லதுதானுங்களே" என்றுவிட்டார்.

காற்றோட்டம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பந்தியில் முதலில் அப்பளம் பறந்தது. பிறகு இலை. சம்பந்தி தன் அப்பளத்தைத் துரத்திக்கொண்டு மைதானத்தில் ஓடினார். "ஏனுங்க, புடிங்க புடிங்க!" அண்ணன் தூரத்து நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. தட்டு மாற்றியதும் அவர் கையால்தான். அண்ணனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

ஜோசியர் மட்டும் விழாவுக்கு வரவில்லை. காலையில் தொண்டை கரகரத்ததாம். கொரோனா கிட்டில் பார்த்தால் இரண்டு கோடு. "பேத்தி நம்ம வீட்டுக்கே வந்துட்டாக்கா" என்று போனில் சிரித்தார்.

அந்த வாரம் காலனியே அவருக்கு போன் போட்டது. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "நாலா இறங்கிடுச்சா?" வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் முதலில் அதைத்தான் கேட்டேன்.

அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கினார். "நாலா கெடக்கட்டும் தம்பி. நீங்க சாப்பிட்டீங்களா?"

அந்தப் பக்கத்திலிருந்து "இன்னும் இல்லண்ணா" என்றது குரல்.

கட்கியில் அவர் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வர, என் கணவர் அதற்குள் டிபன் கேரியரை எடுத்துவிட்டார். நிக்டியிலிருந்து கட்கி ஒன்றும் பக்கமில்லை. ஆனால் அவருக்குக் குணமாகும்வரை எங்களுக்கு அது அடுத்த தெருவாகத்தான் இருந்தது.